கழித்த வானம்

பகல் பன்னிரண்டு மணிக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். வானியல் ஆய்வாளரான அவளுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. சாகும் விண்மீன் ஒன்று ஊதித் தள்ளிய வாயு மேகமான நெபுலாவின் அகச்சிவப்புப் படம் திரையில் இருந்தது. நெபுலாவுக்கு வெளியே கரிய வில் ஒன்று தெரிந்தது. அது தூசி என்று எழுதியிருந்தாள். அதுதான் அவளுடைய முதல் கண்டுபிடிப்பு.

அகச்சிவப்பில் நம் வானமே ஒளிரும். அதனால் தொலைநோக்கியைச் சற்றுத் தள்ளித் திருப்பி, பக்கத்து வெறும் வானத்தையும் படமெடுத்து, அந்த ஒளியைக் கழிப்பார்கள். ஏதோ உறுத்தவே, தொலைநோக்கியை இயக்குபவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, வெறும் வானத்துக்கு எவ்வளவு தள்ளினீங்க?"

"ராத்திரியெல்லாம் முழிச்ச எனக்கு இது நடுராத்திரிம்மா. நீ எழுதிக் குடுத்த அளவுதான், நெபுலாவோட அகலம் ஒண்ணு. பக்கத்து வீட்டு வாசல்லயே நிக்கிறோமேன்னு நினைச்சேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, கணக்குப் போட்டாச்சுன்னு நோட்டைத் தூக்கிக் காட்டுவே."

வெறும் வானத்தின் படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். அது வெறும் வானமில்லை. நெபுலாவின் மங்கலான வெளிவட்டம் அதுவரை நீண்டிருந்தது. அதையும் சேர்த்துக் கழித்ததால்தான் அந்த இடம் கறுத்திருக்கிறது. தூசியே இல்லை.

மணி பதினொன்றே முக்கால். அப்படியே அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்றது மனம். எழுந்து மூன்று முறை நடந்தாள். பிறகு கட்டுரையை அனுப்பாமல் மூடிவிட்டு, மறுபடி போன் செய்தாள்.

"அண்ணே, இன்னிக்கு ராத்திரி அஞ்சு மடங்கு தள்ளணும்."

"தள்ளலாம். இப்ப தூங்க விடு."