ஆயிரத்து நூறு மணல்மேடுகள்

நோலீன் முப்பத்தோரு வருஷம் போர்ட் அகஸ்டாவில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் சமைத்தவள். கார் ஓட்டத் தெரியும். ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, கடையிலிருந்து வீடு, அவ்வளவுதான் அவள் ஓட்டம். தார் ரோட்டை விட்டு டயரை இறக்கியதில்லை. அப்படிப்பட்டவளைத்தான், அவள் ஓய்வு பெற்ற அதே குளிர்காலத்தில், சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடக்கக் கூப்பிட்டான் தம்பி கிளெம்.

கிளெமுக்கு ஐம்பத்தேழு வயது. வடக்கே மண் ரோடுகளைச் சமன்படுத்தும் இயந்திரத்தை ஓட்டியே காலம் தள்ளியவன். வருஷா வருஷம், அந்தப் பக்கத்துக் குளிர்காலமான ஜூலையில், கூடாரத்தை வண்டியில் போட்டுக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விடுவான். மனைவி பிரிந்து போனதற்கு அதுவும் பாதிக் காரணம் என்று நோலீனுக்கு ஓர் எண்ணம்.

"கண்ணுல சின்னதா ஒரு ஆபரேஷன், நோல். ஆறு வாரம் ஓட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். பாலைவனப் பார்க்குக்குள்ள போக அனுமதிச் சீட்டு வாங்கியாச்சு, சாப்பாட்டு டின்னெல்லாம் கட்டியாச்சு. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்" என்றான் போனில்.

"நானா? மணல்லயா? ஆபரேஷன் கண்ணுலயா, மூளையிலயா?"

"இருநூறு பசங்களை வரிசையில நிக்க வச்சவ நீ. மணல் என்ன பண்ணிடும்?"

"கக்கூஸ்?"

"மண்வெட்டி இருக்கு. எடம் எங்க வேணா நீயே பாத்துக்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தவள் அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, எத்தனை ஜோடி உல்லன் சாக்ஸ் எடுத்துவரணும் என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் டல்ஹௌசி ஊற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். வெளியே பல் கிட்டும் குளிர். ஊற்றில் வெதுவெதுவென்று வெந்நீர். குட்டி மீன்கள் கால்விரலைக் கொத்த, நோலீன் சின்னப்பெண் மாதிரி கீச்சிட்டாள். கரையேறும்போது கிளெம் படியைத் தவறவிட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். தேநீர் ஊற்றும்போதும் பாதி கோப்பைக்கு வெளியே போயிற்று. ஆபரேஷன் ஆன கண், கூசும்தானே என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்து கிழக்கே மணல்மேடுகள் தொடங்கின. பேர்ட்ஸ்வில் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஆயிரத்து நூறு மேடு என்பது கிளெமின் கணக்கு. டயரில் காற்றைப் பாதியாக இறக்கச் சொன்னான். எதிரே வரும் வண்டிக்குத் தெரிய முன்னால் நீளக் கம்பில் கொடி கட்டினான். முதல் மேட்டில் நோலீன் பாதியிலேயே பிரேக்கை மிதித்தாள். வண்டி புதைந்து நின்றது.

"ஏன் நிறுத்துன?"

"முன்னால வெறும் வானம்தான்டா தெரியுது! ரோடே இல்ல!"

"உச்சிக்குப் போனா ரோடு வரும். நம்பு."

"உன்னை நம்பித்தான் உக்காந்திருக்கேன். அதான் பயமா இருக்கு."

பின்னால் உருட்டி மறுபடி ஏறினாள். ஏறிவிட்டது. நாற்பதாவது மேட்டில் பயம் போய்விட்டது. நூறாவதில், வயர்லெஸ்ஸை எடுத்து, "கிழக்கே போற ஒத்தை வண்டி, மேட்டு உச்சியில இருக்கோம், எதிர்ல யாராவது வர்றீங்களா?" என்று அவளே அதட்டலாகக் கேட்டாள். கேன்டீன் குரல். எதிரே வந்திருந்தாலும் எவனும் ஒதுங்கித்தான் நின்றிருப்பான்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு மேடுகளுக்கு நடுவே தங்கினார்கள். பொழுது சாயக் கொஞ்ச நேரம் இருந்தது. நோலீன் கேஸ் அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கிளெம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு அந்தப்பக்கம் போனான்.

உருளைக்கிழங்கு வெந்தது. கறி டின்னைத் திறந்து கொட்டினாள். அதுவும் கொதித்தது. ஆளைக் காணோம். சூரியன் இறங்கி மணல் கருஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"கிளெம்! என்னடா, அங்கேயே வீடு கட்டுறியா?"

பதில் இல்லை. அடுப்பை அணைத்தாள். ஹாரனை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். எங்கேயோ மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. அவள் ஓடவில்லை. தானும் தொலைந்தால் தேட யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். திரும்பி வர அடையாளமாக வண்டி விளக்குகளை எரியவிட்டாள், ரேடியோவில் இருந்த கேசட்டைச் சத்தமாக வைத்தாள், டார்ச்சோடு மேட்டில் ஏறினாள். ஏறும்போதே, "பேசிக்கிட்டே இரு! நிறுத்தாதே!" என்று கத்தினாள்.

அந்தப்பக்கம், இருநூறு அடி தூரம்கூட இருக்காது, ஒரு புல் புதருக்குப் பக்கத்தில் கிளெம் உட்கார்ந்திருந்தான். டார்ச் வெளிச்சம் தோளில் விழுந்தது. அவன் அவள் பக்கம் திரும்பாமல் வேறு எங்கோ முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

"நோல்? எந்தப் பக்கத்துல நிக்கிற?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கோபம் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். உச்சி ஏறும்போது இருவரும் ஒருமுறை விழுந்து எழுந்தார்கள்.

சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ஆபரேஷனே நடக்கல. அப்படித்தானே?"

"நடக்கல."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமாச்சு கண்டுபிடிச்சு. ஓரமெல்லாம் போயிடுச்சு. இப்ப குழாய்க்குள்ள கண்ணை வச்சுப் பாக்குற மாதிரி, நடுவுல மட்டும்தான். இருட்டுனா அதுவும் இல்ல. மார்ச்ல லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"கிர்ஸ்டிக்குத் தெரியுமா?" கிர்ஸ்டி அவன் மகள், அடிலெய்டில் நர்ஸ்.

"யாருக்கும் தெரியாது. உன்கிட்ட நிஜத்தைச் சொன்னா நீ வந்திருப்பியா?"

"சத்தியமா வந்திருக்க மாட்டேன். உன்னையும் விட்டிருக்க மாட்டேன்."

"அதான்." கொஞ்ச நேரம் தட்டைச் சுரண்டினான். "இன்னும் ஒரு தடவை பாத்துடணும்னு இருந்துச்சு, நோல். நடுவுல கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே."

அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். ஒரு குவளைத் தண்ணீரில் கழுவவேண்டியதை மூன்று குவளையில் கழுவினாள். திரும்பி வந்து, "திரும்பிப் போற தூரமும் முன்னால போற தூரமும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"ஏறக்குறைய."

"அப்ப முன்னாலயே போவோம். ஆனா இன்னையிலேருந்து நான் சொல்றதுதான் சட்டம். பொய் சொன்னே, இங்கேயே எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

"சரிங்க மேடம்."

விடிந்ததும் முதல் வேலையாக, வண்டியில் இருந்த சிவப்புக் கயிற்றைக் கூடாரத்திலிருந்து புதர் மறைவு வரை இழுத்துக் கட்டினாள். கிளெம் அதைப் பிடித்துக்கொண்டு போய்வந்து, தன்னை நாய் மாதிரி கட்டிப்போட்டதாகக் குறைபட்டான். "நாய் பொய் சொல்லாது" என்றாள் நோலீன்.

அதன்பிறகு ஓட்டிக்கொண்டே அவனுடைய இரண்டு ஓரங்களையும் அவளே பார்த்துச் சொன்னாள். முதலில் அவளுக்கு அது வரவில்லை.

"இடது பக்கம் மணல்."

"ரொம்ப நன்றி. என்ன நிறம்?"

"தக்காளி சூப். நம்ம கேன்டீன்ல தண்ணி கலக்காம வைப்போமே, அந்த நிறம். வலது பக்கம் உப்பு ஏரி, காஞ்சு கெடக்கு. யாரோ மாவுப்பையைக் கிழிச்ச மாதிரி. அதுல ஒட்டகம் நடந்த தடம் இருக்கு. ஒரு பெரிசு, ஒரு குட்டி."

"குட்டியுமா? நிறுத்து."

நிறுத்தினாள். இறங்கி, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சரியான பக்கம் திருப்பி வைத்தாள். அவன் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து ஏரியின் நடு வரை பார்த்தான். அத்தனை வருஷம் வந்தும் வண்டியை நிறுத்தி இதையெல்லாம் பார்த்ததில்லை என்றான். மேடுகளை எண்ணுவதில்தான் புத்தி இருந்ததாம். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் எல்லைக்கம்பத்தை அவள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். மூன்று மாநிலத்திலும் முதுகு ஒரே மாதிரிதான் வலிக்கிறது என்று புகார் சொன்னாள்.

கடைசி மேடு, எல்லோரும் 'பெரிய சிவப்பன்' என்று சொல்லும் மேடு, மேற்கிலிருந்து வருகிறவர்களுக்குச் செங்குத்தாக நிற்கும். உச்சியில் நாலைந்து வண்டிக்காரர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை வண்டி பாதியில் நின்றது. இரண்டாவது அதற்கும் கீழே. மூன்றாவது தடவை உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது மூச்சுத் திணறி நின்றது. மேலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

"சுத்திப் போற வழி ஒண்ணு இருக்கு" என்றான் கிளெம்.

"உன்னைக் கேட்டேனா? நான் என்ன தப்பு பண்றேன், அதைச் சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நீ இன்ஜின் அழுவுதேன்னு பாவப்பட்டு ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலைத் தூக்குற. அதை அழவிடு. நான் சொல்றவரை எடுக்காதே. டயர்ல இன்னும் கொஞ்சம் காத்தை எறக்கு."

இறக்கினாள். நன்றாகப் பின்னால் போய் அங்கிருந்து வந்தாள். இன்ஜின் கதறியது. "இரு... இரு... இன்னும் இரு, நோல்... எடுக்காதே..." என்று அவன் அதன் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுச் சொன்னான். மூக்கு தூக்கிய வண்டி, வானத்தை மட்டும் காட்டிக்கொண்டு ஏறியது. சட்டென்று சமமாகி உச்சியில் நின்றது. நோலீன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கிளெம் கதவைத் திறந்து, பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், "எங்க அக்கா! கேன்டீன்ல வேலை பாத்தவ!" என்று கத்தினான்.

பேர்ட்ஸ்வில்லில் ஆளுக்கொரு ஒட்டகக்கறி அடைத்துச் சுட்ட அப்பமும் பீரும் வாங்கினார்கள். அவன் அப்பத்தைக் கடிக்கப் போகும்போது நோலீன் போனை முன்னால் வைத்தாள்.

"மொதல்ல கிர்ஸ்டி."

"சாப்பிட்டுட்டு..."

"சூடு ஆறினா பரவாயில்ல."

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான், நோலீன் அப்பங்களோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் அவள் அழுதது, பிறகு திட்டியது நோலீனுக்கே கேட்டது. கடைசியில், "அப்ப வண்டியை யாருப்பா ஓட்டுனது?" என்றாள் கிர்ஸ்டி.

"உங்க அத்தை."

"நோல் அத்தையா? அவங்க கடைக்கே இருபது கிலோமீட்டர் வேகத்துலதானே போவாங்க!"

"பெரிய சிவப்பனை ஏறி எறங்கிட்டாடி" என்றான் கிளெம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். அப்பம் எங்கே இருக்கிறது என்று தடவும் முன் நோலீன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

ஆகஸ்டில் அவனைக் கண் டாக்டரிடம் அவளே அழைத்துப் போனாள். அறைக்குள் போய்க் கேள்விகளெல்லாம் அவளே கேட்டாள், விடைகளை நோட்டில் எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும், "வர்ற வருஷம் மேற்கே, கிப்சன் பாலைவனம் பக்கம் போலாமா?" என்று கேட்டான் கிளெம்.

"அங்க எத்தனை மேடு?"

"நான் எண்ணல."

"அப்ப நான் எண்ணுறேன்" என்று சொல்லி, அவன் பக்கத்துக் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.