செத்துப்போனதாகச் சொன்ன மீன்

பிப்ரவரியில் ஒரு காலை, தூண்டில் தோழன் டெஸ்மண்ட் மொரீனுக்குப் போன் செய்தான். "மோ, உக்காந்துக்கோ. சீமாட்டி போயிட்டா. நீர்நாய் அடிச்சுடுச்சு."

மொரீன் உட்காரவில்லை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மீன்பிடிக்கக் குத்தகைக்கு எடுத்த ஏரியில், நாற்பது பவுண்டைத் தாண்டிய ஒரே கெண்டை சீமாட்டி. இடது விலாவில் பொத்தான் வைத்ததுபோல் மூன்று பெரிய செதில்கள், வால் நுனியில் ஒரு கிழிசல். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மொரீன் பத்தொன்பது வருஷமாக அவளுக்காகத் தூண்டில் போட்டவள். இரண்டே தடவைதான் பிடித்து, முத்தமிட்டு, அங்கத்திய வழக்கப்படி திரும்பத் தண்ணீரில் விட்டிருக்கிறாள்.

"உடம்பு எங்கே?"

"நீ பாக்கற மாதிரி இல்ல. நானே புதைச்சுட்டேன்."

நீர்நாய் வராமலிருக்க மூன்று வாரம் எல்லோரும் கம்பி வேலி போட்டார்கள். மொரீனின் உள்ளங்கை கிழிந்தபோது மருந்து போட்டுக் கட்டியவன் டெஸ்மண்ட்தான்.

ஜூன் மாதம் தங்கை வீட்டுக்குப் போனவள், பொழுதுபோக்காகப் பக்கத்து ஊர் ஏரியில் ஒரு நாள் சீட்டு வாங்கி உட்கார்ந்தாள். மதியம், மீன் கடித்தால் ஒலிக்கும் தூண்டில் அலாரம் அலறியது. இருபது நிமிஷப் போராட்டம். வலையைத் தூக்கி மீனைக் கரையில் விரித்த பாயில் கிடத்தினால், மூன்று செதில்கள். கிழிந்த வால்.

உயிரோடிருக்கிறாளே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த மூச்சில், அப்படியானால் டெஸ்மண்ட் எதைப் புதைத்தான் என்று தோன்றியது.

ஏரிக்காரர் ஓடிவந்தார். "அடடே, எங்க ராணி! பிப்ரவரியில டெஸ்மண்ட்னு ஒருத்தர் கொண்டாந்து விட்டாரு. பதிலுக்கு ஆயுசுக்கும் சும்மாவே மீன் பிடிச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். அதோ, நாணல் பக்கத்துல, அது அவரோட இடம்."

மொரீன் மீனைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, அதுவாக நீந்திப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கரையிலிருந்தே டெஸ்மண்டுக்குப் போன் போட்டாள்.

"என்ன மோ, ஏதாச்சும் மாட்டுச்சா?"

"மாட்டுச்சு. நாப்பத்திமூணு பவுண்டு. செத்தவ மாதிரியே தெரியல."

டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினான். "நம்ம ஏரியில பன்னண்டு பேருல ஒருத்தன் நான். அந்த ஏரியில எனக்குன்னு ஒரு இடம் கெடைச்சுது. மோ, மத்தவங்ககிட்ட சொல்லிடாத."

"மீனைத் தூக்கிட்டுப் போனதக்கூட விடு. நான் அழுதுட்டே வேலி போட்டேன். என் கையில மருந்து போட்டியே, எந்த மூஞ்சியோட போட்ட?"

அவன் போனை வைத்துவிட்டான்.

சனிக்கிழமை குத்தகைக்காரர்கள் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். டெஸ்மண்டை நீக்கினார்கள். சீமாட்டியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். "இந்த வயசுல இன்னொரு தடவை இடம் மாத்தினா தாங்க மாட்டா" என்று மொரீன் மறுத்துவிட்டாள்.

அக்டோபரில் தூண்டில் கடை வரிசையில் பின்னாலிருந்து "மோ" என்ற குரல் கேட்டது. டெஸ்மண்டோடு இருந்த பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் தலை பாதி திரும்பிவிட்டது. அதை நிறுத்தி, கடைக்காரரிடம், "ஒரு டப்பா புழு குடுங்க" என்றாள்.