சாவியை உருவிய பிறகும்

சாவி நூகுவின் கையில் இருந்தது. வண்டியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியது என்று சொன்னால் போதாது. சீவலப்பேரி போகிற சாலையில், கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்ற இடத்திலேயே அது அலறியது. கொஞ்ச நேரம் முன்னால்தான் பானட்டுக்குள்ளிருந்து சீட்டியடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது, இழுவையும் குறைந்தது. டவுன் பஸ் ஒன்று நின்று, நடவு முடித்து வந்த பெண்களை ஏற்றிக்கொண்டிருந்ததால் நூகுவும் அதன் பின்னால் ஓரங்கட்டினான். நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலையும் எடுத்தான். சத்தம் இறங்க வேண்டும் அல்லவா? ஏறியது. பதறிப்போய்ச் சாவியைத் திருகி உருவியே விட்டான். அதற்கும் ஏறியது. பின்னாலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகையில் சாலையே மறைந்துவிட்டது.

கையிலிருந்த சாவியை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். சவூதியில், தம்மாமில் அத்தர் கடையில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சாவியை எடுத்தால் வண்டி நிற்கும் என்பது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி அவனுக்கு. அதுவே இப்போது பொய்யாகிவிட்டது.

"மச்சான், எறங்குங்க" என்று பின் சீட்டிலிருந்து அவன் மனைவி அக்தர் பானு கத்தினாள். இருவரும் சாலைப் பக்கமாக இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் முன் சீட்டில் மாமனார் இருப்பது உறைத்தது.

பானுவின் வாப்பா அலி அஸ்கர், போன வருஷம் விழுந்து தொடையில் பிளேட் வைத்தவர். கால் மடங்காது. அவர் பக்கத்துக் கதவு கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டு நாலு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் கியர் தண்டைத் தாண்ட வேண்டும். அது அந்தக் காலால் ஆகாது. பானட்டின் இடுக்குகளில் இப்போது புகை கசிந்தது. தீப்பிடித்தால் மாமாவை இழுக்க வழியே இல்லை.

நூகு மறுபடி உள்ளே தலையை நுழைத்தான்.

"உள்ள வராதலே" என்றார் மாமா. "ஏலே நூகு, அவளக் கூட்டிட்டு ஓடுலே."

அந்த அமளியிலும் நூகுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காயல்பட்டினத்து வழக்கப்படி கல்யாணம் ஆனதிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அவன் பெண் வீட்டோடுதான் இருக்கிறான். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. சீலா மீனில் நடுத்துண்டு அவனுக்கு, பேச்சில் கடைசிச் சொல்லும் அவனுக்கு. எதற்கு, எப்படி என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. மாமா அவனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைத்ததில்லை. அவர்தான் இப்போது 'லே' போட்டு விரட்டுகிறார்.

நூகு ஓடவில்லை. ஓட்டப் பழகிய நாட்களில் கிளட்சைச் சட்டென்று விட்டு, வண்டியை நட்டநடு ரோட்டில் அணைத்து அணைத்து அவன் பட்ட அவமானம் ஞாபகத்துக்கு வந்தது. வேண்டாத நேரமெல்லாம் அணைந்த சனியன், இப்போது அணையட்டும்.

ஆனால் வண்டி பாய்ந்தால்? பஸ் டிரைவர் கண்ணாடியில் புகையைப் பார்த்திருக்க வேண்டும், பஸ்ஸைத் தூரமாகக் கொண்டுபோயிருந்தார். ஏறாத பெண்கள் வயல் வரப்பில் இறங்கி நின்றார்கள். நூகு சீட்டில் ஏறி, வலது காலால் பிரேக்கை மிதித்தபடியே கிளட்சை அழுத்தி, நின்ற இடத்திலிருந்து இழுக்க முடியாத ஐந்தாவது கியருக்குத் தள்ளினான். "யா அல்லாஹ்" என்று கிளட்சை விட்டான்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முக்கி, செத்தது.

கால்வாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மாமாவின் விரல்கள் அவன் முழங்கையை இறுகப் பிடித்திருந்தன. எப்போது பிடித்தார் என்று இருவருக்கும் தெரியாது.

பஸ் டிரைவர் தளவாய் ஓடி வந்து, நாலு பேரைக் கூட்டி வண்டியைச் சுவரிலிருந்து தள்ளி, மாமாவை இறக்கிவிட்டார். சூடு ஆறும்வரை பொறுத்து பானட்டைத் திறந்து, ஆயில் பார்க்கிற குச்சியை உருவினார்.

"எஞ்சினுக்குக் காத்தத் தள்ளுற டர்போ போச்சு அண்ணாச்சி. அது வழியா எஞ்சின் ஆயில் உள்ள எறங்கிட்டு. சாவிய எடுத்தா டீசல்தான நிக்கும்? இது தன் ஆயிலயே குடிச்சுல்லா ஓடியிருக்கு." குச்சியை நூகுவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "குடிச்சது போவ இன்னும் கோட்டுக்கு மேல நிக்கி. அளவுக்கு மேல ஊத்துனா ஆயில் எங்கயாவது வழி தேடத்தான் செய்யும். யாரு வே இப்பிடி ஊத்துனது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் மாப்ள. வண்டிக்கு எண்ணெய் பாத்துக்கோங்கன்னு போன்ல சொன்னியள்ல. ஒரு டப்பா ஊத்துனேன்."

"எங்கிட்டயும் சொன்னிய மச்சான்" என்றாள் பானு. "நானும் ஒரு டப்பா."

"அய்மன்ட்டயும் சொன்னியளாம்" என்றார் மாமா. அய்மன் பானுவின் தம்பி. அவனும் தன் பங்குக்கு ஊற்றியிருந்தான்.

நூகுவுக்கு ஆத்திரம் பொங்கியது. "எவ்வளவு ஊத்தணும்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே ஒன்று நினைவு வந்தது. காலையில் கிளம்பும்போது, டிக்கியில் கிடந்த டப்பாவைத் திறந்து அவனும்தான் ஊற்றினான். குச்சியை உருவிப் பார்க்கவில்லை.

"நானும் ஊத்துனேன் மாமா" என்றான்.

அலி அஸ்கர் பாலத்துச் சுவரைக் கையால் தடவினார். தன் கதவு இடித்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

"மாப்ள, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க மாமா."

"அந்த எண்ணெய் எம்புட்டுத்தான் ஊத்தணும்?"

நூகு குச்சியைப் பார்த்தான், தளவாயைப் பார்த்தான், கடைசியில் மாமாவைப் பார்த்தான்.

"தெரியாது மாமா" என்றான்.