ஒரு முறம் தவிடு

பழனியின் வழக்குக் கட்டைப் படித்து முடித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மகள் இலக்கியாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்த தாய் பெயரை பிளேடால் சுரண்டிவிட்டு, நீல மையில் ‘குஞ்சம்மாள்’ என்று எழுதியிருக்கிறார். நர்சிங் காலேஜில் கண்டுபிடித்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். அரசுச் சான்றிதழில் போர்ஜரி. நிரூபணமானால் ஏழு வருஷம் வரை உள்ளே போக வேண்டும்.

“ஏங்க பழனி, சொரண்டறதுக்கு இது இன்னா லாட்டரி சீட்டா?” என்றேன்.

“குஞ்சம்மாதாங்க பெத்தவ, வக்கீலம்மா. அப்போ பொய்ய எழுதினேன், ஒருத்தரும் கேக்கல. இப்ப காலேஜ்ல எல்லாக் காயிதத்துலயும் ஒரே பேரு வேணும்னாங்க, நெசத்த எழுதினேன், புடிச்சிக்கினாங்க.”

அவருக்கும் மனைவி குஞ்சம்மாளுக்கும் முதல் இரண்டு குழந்தைகளும் தக்கவில்லை. மூன்றாவதாக இலக்கியா பிறந்ததும், ஊர் வழக்கப்படி எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாளுக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை அவள் வாங்கிக்கொண்டாள். இனி அது அவள் பிள்ளை, நம்மை நோட்டம் பார்க்கும் சாவுக்கு அடையாளம் தெரியாது என்று நம்பிக்கை. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பாவி மனுஷன் பழனி மட்டும், சர்க்கார் பதிவேட்டில் உண்மை இருந்தால் எமன் அங்கே போய்ப் பார்த்துவிடுவானோ என்று பயந்து, தாய் பெயர் கொளஞ்சியம்மாள் என்றே எழுத வைத்துவிட்டார்.

ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று காட்டினால் அவர் தப்பிக்கலாம். அதற்குக் கொளஞ்சியம்மாள் சாட்சி சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் என் ஆபீசுக்கு அவளை வரவழைத்தேன். தியாகதுருகம் பக்கம் களை எடுக்கப் போகிறவள். புருஷன் இல்லை, குழந்தை பிறக்கவே இல்லை.

“நான் அவளுக்கு அம்மா இல்லன்னு சொல்லணுமாங்க?”

“ஆமாம்மா.”

“அவ்ளோ பேருக்கு முன்னாலயா?”

எனக்குப் பொறுமை கம்மி. “சொல்லலன்னா பழனி ஜெயிலுக்குப் போவாரு” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். நான் வேறு கட்டைப் பிரித்துப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை நாளில் கூண்டில் நின்று தவிட்டுக் கதையை ஒழுங்காகச் சொன்னாள். “இலக்கியா உங்க பொண்ணா?” என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் பெற்றவர்கள் நடுவே உட்கார்ந்திருந்த இலக்கியாவைப் பார்த்தாள்.

“இல்லீங்க.”

“காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்” என்றார் நடுவர்.

“இல்லீங்க. குஞ்சம்மாதான் பெத்தா. எனக்கு யாரும் இல்லீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் என் கேள்விக்குப் பதிலே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த கேள்வியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பழனியை விடுதலை செய்து தீர்ப்பு வந்தது. பதிவேட்டைத் திருத்தத் தனியாக மனுப் போடலாம் என்றேன். வெளியே வேப்பமரத்தடியில் குஞ்சம்மாள் ஒரு துணிப்பையைக் கொளஞ்சியம்மாளிடம் நீட்டினாள். உள்ளே தவிடு.

“நாயம்னு ஒண்ணு இருக்குல்ல, அக்கா. ஒன் பேர எடுக்கப் போறோம். தவுட்டயும் திருப்பிக் குடுத்துடறோம்.”

கொளஞ்சியம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“காயிதத்துல நீயே இருந்துக்கோடி. கோர்ட்ல கேட்டாங்க, குடுத்துட்டேன். தவுட்ட நான் வாங்க மாட்டேன். வாங்கினா வித்தது இல்லன்னு ஆயிடும்.”

குஞ்சம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இலக்கியா போய், கொளஞ்சியம்மாள் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, ஒன்றைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள்.

“வக்கீலம்மா, இத இன்னா பண்றது?” என்று பையைக் காட்டினார் பழனி.

“மாட்டுக்குப் போடுங்க” என்றேன்.