தானாக அடித்த இதயம்

கடையில் அண்ணன் வியாபாரம் பேசுவான். தங்கை மோட்டார் பிரிப்பாள். தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கும் கடை. "மோட்டாருக்கு வாக்கப்பட்டவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் கிண்டல் செய்தவன், ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை காலை கல்லாவுக்குப் பின்னாலேயே சரிந்தான். கிருமி இதயத் தசையில் இறங்கிவிட்டது என்றார்கள். மதியத்துக்குள் இதயம் துடிப்பதும் துடிக்காததும் ஒன்றுதான் என்றானது.

தொடையில் இரண்டு குழாய்கள் போட்டார்கள். ஒன்று கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்தது. கட்டிலருகே இருந்த எக்மோ இயந்திரம் அதில் ஆக்சிஜன் ஏற்றி, இன்னொன்றின் வழியே உள்ளே தள்ளியது. அண்ணி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. பிழைத்துவிட்டார் என்று சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் செய்தாள். திரையில் தெரிவது இயந்திரத்தின் அழுத்தம், அண்ணனுடையது அல்ல என்று தங்கைக்குப் புரிந்தது. அண்ணியை அடுத்த எண்ணை அழுத்த விட்டாள்.

மூன்றாம் நாள் நுரையீரலில் நீர் கோத்தது. இதயம் வீங்குகிறது என்று மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். தங்கை படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"மெஷின் எதிர்ப்பக்கமா தள்ளுறதால வால்வு திறக்க மாட்டேங்குதா டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா. அவரைக் காப்பாத்துறதும் அதுதான், இதயத்தை அமுக்குறதும் அதுதான்."

தேங்கிய ரத்தத்தை வடிக்க இன்னொரு குழாய் போட்டார்கள். குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஓடியது. அதனால் மூக்கிலும் ஈறிலும் கசிந்தது. சிறுநீர் நின்றது, அதற்கொரு இயந்திரம் வந்தது. குழாய் போட்ட கால் சில்லிட்டு, கால்விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயின. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவியது. அண்ணி மட்டும் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் வால்வு திறந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடுவதை மருத்துவரே திரையில் காட்டினார். மறுநாள் காலை, மயக்க மருந்தைக் குறைத்துவிட்டு, தங்கையை உள்ளே விட்டார்கள். அவள் அவனுடைய இடது கையில் விரலை வைத்தாள். பிடித்தான், நன்றாகவே பிடித்தான். வலது கையில் வைத்தாள். அது துணி மாதிரி கிடந்தது. மருந்து இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே அண்ணி ஒன்பது நாளில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"புடிச்சாரா?"

"புடிச்சாரு அண்ணி."

அன்று மாலை எக்மோவைக் கழற்றினார்கள். இதயம் தானாக அடித்தது.

பத்தாம் நாள் விடிந்ததும், இடது கண்ணின் பாவை விரிந்திருப்பதைச் செவிலி பார்த்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம், வலது கைகாலை இயக்கும் பக்கம், முழுக்க ரத்தம். உறையாமலிருக்கக் கொடுத்த மருந்துதான் இப்படிச் செய்திருக்க வேண்டும், இனி அறுவைக்கும் வழியில்லை என்று மருத்துவர் தணிந்த குரலில் சொன்னார். வலது கையைப் பற்றித் தங்கை அவரிடம் தனியாகக் கேட்டாள். நேற்றே தெரிந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றார். இருந்திருக்கவே இருக்காது என்று அவர் சொல்லவில்லை.

"இதயம் நல்லா அடிக்குதுன்னு சொன்னாங்களே?" என்றாள் அண்ணி.

"அடிக்குது," என்றாள் தங்கை.

"அப்புறம் என்ன?"

அண்ணி உள்ளே போய் அவன் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். செவிலிகள் தடுக்கவில்லை.

மூன்று நாள் அந்த இதயம் சளைக்காமல் அடித்தது. நான்காம் நாள் நண்பகலில் மற்றதெல்லாம் அடங்கி, கடைசியில்தான் நின்றது.

காரியங்கள் முடிந்த வாரம், சமையலறையில் வைத்துத் தங்கை அந்த வலது கையைப் பற்றிச் சொன்னாள். அண்ணி பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"நீ உள்ள போறதுக்கு முன்னாடி நான் போயிருந்தேன்," என்றாள். "நானும் அந்தக் கையைப் புடிச்சுப் பார்த்தேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருவரில் யாரும் அதை மூடவில்லை.