கூரையில் விழுந்த பந்து

ஹட்டன் பஸாரில், ஸுஹைர் நானாவின் அச்சகத்துக்கு மேல்மாடியில் எங்கள் வாரப் பத்திரிகை இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்துக்கு முன்பு மூன்று பேர் இருந்தார்களாம். இப்போது நான் ஒருத்திதான், ஜீவராணி. அன்று காலை படியேறும்போதே மேலே சத்தம் கேட்டது. அம்பயர் செல்லசாமி அண்ணன் முதலாளி ஸுஹைர் நானாவின் முன்னால் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

"இவங்கதான் நானா! நேத்து கிரவுண்டுல பேப்பர் ஆளுன்னு இருந்தது இவங்க ஒருத்தங்கதான்!"

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'பன்னிரண்டாம் ஆள்' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் உண்டு. பெயர் சொல்லாத யாரோ தேயிலைத் தோட்டத்து மெட்ச்களைப் பற்றி அதில் எழுதுகிறார்கள். எங்கள் பத்திரிகையைத் தொடாதவர்கள்கூட அதை விழுந்து விழுந்து வாசிப்பார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு ஏற்கெனவே உண்டு.

முந்தின நாள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மென்பந்து கிரிக்கெட் இறுதிப் போட்டி. அழகன் அடித்த கடைசிப் பந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் கூரையில் போய் விழுந்தது. செல்லசாமி அண்ணன் சிக்ஸ் கொடுத்தார். அழகனின் அணி ஜெயித்தது. உடனே அந்தப் பக்கத்தில் வந்துவிட்டது: 'பந்து போட்ட திலக்ஷன் வழுக்கி விழுந்தது கிடக்கட்டும். கூரையில் விழுந்தால் அவுட். சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அம்பயர் தயவுசெய்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளவும்.'

பதிவுக்குக் கீழே ஊரே சிரித்திருந்தது.

"எம் பொண்ணு இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னுருச்சு. 'தொடைக்காத கண்ணாடி'ன்னு பிள்ளைங்க கூப்பிடுதுங்களாம்" என்றார் செல்லசாமி அண்ணன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியது நான் இல்லையே!

ஸுஹைர் நானா என்னைப் பார்த்தார். "சொந்தப் பேர் போடாம யாரும் வெளிய எழுதப்படாதுன்னு நான் சொல்லித்தானே வெச்சிருக்கேன் தங்கச்சி? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் யாருன்னு காட்டுங்க. இல்லாட்டி நீங்கதான்னு முடிவு பண்ணி வீட்டுக்கு அனுப்பிருவேன்."

பத்திரிகை ஆசிரியர் பொன்னையா சேர் தலையை நிமிர்த்தாமல் பிழை திருத்திக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

என் மேசையில் உட்கார்ந்து அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். திலக்ஷன் வழுக்கி விழுந்ததை மைதானத்திலிருந்து இதே வார்த்தைகளில் நான்தான் வொய்ஸ் மெசேஜில் சொன்னேன். அது போனது எங்கள் பத்திரிகையின் வாட்ஸ்அப் குழுவுக்கு. ஊர் ஊராக நிருபர்கள், அச்சகத்து ஆட்கள் என்று ஒரு பட்டாளமே அதில் இருக்கிறது. அதில் எவரோ ஒருவர்தான்.

ஆனால் என்னைக் குடைந்தது வேறு விஷயம். அந்த மைதானத்தில் கூரையில் விழுந்தால் சிக்ஸ். அங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நான் அதைச் சொல்லவே இல்லை. பிறகு இந்த ஆளுக்கு 'அவுட்' என்று எங்கிருந்து இவ்வளவு நிச்சயம்? வேண்டுமென்றே வம்பிழுப்பவர் சின்னப் பிள்ளையைச் சாட்சிக்கு இழுக்கமாட்டார். நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கிரிக்கெட் சட்டம் மாறும். தேயிலைக்குள் போனால் ஓரிடத்தில் நாலு, இன்னோரிடத்தில் இரண்டு. அப்படியென்றால் கூரை எந்த ஊரில் அவுட்? வேலை போகப்போகிற பயம் ஒரு பக்கம் இருக்க, இதைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது போலிருந்தது. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

கொட்டகலையில் விசாரித்தேன். அங்கே கூரைக்கு இரண்டு ஓட்டமாம். இன்னொரு தோட்டத்தில், யார் வீட்டுக் கூரை என்பதைப் பொறுத்ததாம், கங்காணி வீடு என்றால் ஆட்டமே நின்றுவிடுமாம். சிரித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் ஏறினேன். கடைசியில் நோட்டன் பிரிட்ஜில், ரோட்டோரத்தில் மட்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு வாண்டிடம் கேட்டேன்.

"கூரையில பட்டா அவுட்டு! சறுக்கி நேரா தண்ணிக்குள்ள போயிரும். அப்புறம் பந்துக்கு எங்க போறது?"

கீழே நீர்த்தேக்கம் பச்சையாகக் கிடந்தது. சின்னப் பிள்ளையைக் கேட்டேன், சொல்லிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் ரோட்டிலேயே துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

ஆனால் குழுவில் நோட்டன் பிரிட்ஜ்காரர் யார்? எனக்குத் தெரிந்து எவரும் இல்லை. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. மத்தியானம் நானும் பொன்னையா சேரும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டேன்.

"ஏன் சேர், பந்து லயத்துக் கூரையில விழுந்தா என்ன?"

"அவுட்டுதான். தண்ணிக்குள்ள போன பந்த யாரு எடுக்கிறது?" என்றார், சம்பலைத் தொட்டுக்கொண்டே.

ரொட்டியைக் கீழே வைத்தேன். "நான் கேட்டது கூரைய. தண்ணி எங்கேருந்து சேர் வந்துச்சு?"

அவர் கை அப்படியே நின்றது. ஹட்டன் டவுன் ஆள் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

"சின்ன வயசுல நோட்டன் பிரிட்ஜ்லதாம்மா இருந்தோம்" என்றார் மெதுவாக. "நானும் ஸ்போர்ட்ஸ் நிருபராத்தான் இங்க வந்தேன். ஒவ்வொருத்தரா போகப் போக, ஒவ்வொரு வேலையா என் தலையில விழுந்துச்சு. மரண அறிவித்தல்கூட நான்தான் எழுதுறேன். மெட்ச் பாத்து வருஷக்கணக்காச்சு. ஒங்க வொய்ஸ் வந்தா கண்ண மூடிக்கிட்டுக் கேப்பேன். கிரவுண்டுலயே நிக்கிற மாதிரி இருக்கும். அந்த ஜோர்ல 'பன்னிரண்டாம் ஆள்'ல எழுதிப்புடுறது."

"கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்துதான் அம்பயருக்குக் கண்ணு தெரியலைன்னு எழுதினீங்களா? என் வேலை போகும்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கலையே சேர்! நல்லா இருக்கா இது?"

கத்திவிட்டேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு, விடுவிடுவென்று படியிறங்கி அச்சகத்துக்குப் போனார். சற்று நேரத்தில் ஸுஹைர் நானா அவரோடு மேலே வந்தார். செல்லசாமி அண்ணனுக்கும் போன் போயிருந்தது, அவரும் வந்து சேர்ந்தார்.

நானா நெற்றியைத் தேய்த்தார். "அவரே வந்து ஒத்துக்கிட்டார் தங்கச்சி. ஆனா இவர அனுப்பிட்டா பேப்பர யாரு போடுறது?"

"ஓஹோ! என்னை அனுப்புறதா இருந்தப்போ அந்தக் கவலை வரலையே நானா? மெட்ச் எல்லாம் தானா நடந்து வந்து ஸ்போர்ட்ஸ் பக்கத்துல ஏறிக்குமா?"

 செல்லசாமி அண்ணன்தான் பேசினார். "ஆளெல்லாம் அனுப்ப வேணாங்க. ஞாயித்துக்கெழம எங்க கிரவுண்டுல ஒரு சிநேகித மெட்ச். இவரு வந்து அம்பயரா நிக்கட்டும். நின்னு பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பொன்னையா சேர் நடுவில் நின்றார். விஷயம் பரவியதில் தோட்டமே திரண்டிருந்தது. செல்லசாமி அண்ணன் மகளோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பனி இறங்கி இறங்கி விலகியது. சேரின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அலுவலகத்தில் பார்த்ததே இல்லை.

அழகன் ஓங்கி ஒன்று விட்டான். பந்து உயரப் போய், லயத்துத் தகரத்தில் டமாரென்று விழுந்தது.

சேரின் விரல் தானாக மேலே போய்விட்டது. அவுட்!

கூட்டம் ஓவென்று கத்தியது. அழகன் மட்டையைத் தூக்கிக்கொண்டு முறைத்தான். சேர் தன் விரலைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லசாமி அண்ணன் எழுந்து நிதானமாக மைதானத்துக்குள் நடந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நன்றாகத் துடைத்து, சேரின் கையில் கொடுத்தார்.  சேர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். சிக்ஸ்.

முதலில் கைதட்டியது செல்லசாமி அண்ணனின் மகள்.

சாயங்காலம் 'பன்னிரண்டாம் ஆள்' பக்கத்தில் ஒரு படம் வந்தது. பெரிய கண்ணாடியோடு சேர். கீழே ஒரே வரி: 'பிழையாக விரல் தூக்கியது நான்தான். பொன்னையா.'