மரியாதைக்காக அணைத்த விளக்குகள்

1

இந்தக் கதை ஒரு கருகிய பல்பிலிருந்து வந்தது. ஆழ்ந்த சிந்தனையிலிருந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் 2003இல் இலங்கை மலையகத்து நோர்வூட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் குடை இல்லை. ரேடியோ திருத்தும் கடை ஒன்றுக்குள் ஒதுங்கினேன். கடைக்காரர் ராசிக்கின் தலைக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளே கறுத்துப்போன பல்பு ஒன்று பத்திரமாக இருந்தது.

"இது விற்பனைக்கா?" என்று கேட்டேன்.

"கருகின பல்ப யாரு வாங்குற? அது அரசாங்க ஆராய்ச்சி சேர்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் கதை. முடிவு வருவதற்குள் பொகவந்தலாவை பஸ் வந்துவிட்டது. நான் ஓடி ஏறிவிட்டேன். ஆகவே வாசகரே, என்னிடம் இருப்பது முக்கால் கதைதான். (மீதியை இட்டுக்கட்டுவதே என் தொழில். இந்த முறை கை வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: "மலைகளின் மீது பனி வெண்பட்டாக விரிந்து—"

வேண்டாம். மலையகத்தைப் பற்றி எழுத வந்த எல்லோரும் பனியை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி விரிக்க இடமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "1998இல், புதிய சக்தித் தொழில்நுட்பங்களை உருவாக்க முயலும் சிறு தொழில் செய்வோருக்கு அரசாங்கம் ஆராய்ச்சி நிதி வழங்கும் என்று வானொலி அறிவித்தபோது—"

செய்தி வாசிப்பது போலிருக்கிறது. ஆனாலும் விஷயம் இதுதான், இருக்கட்டும். (ராசிக் திருத்தி முடித்த ரேடியோ பேசிய முதல் செய்தியே இதுதான் என்று முதலில் எழுதினேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று அடித்துவிட்டேன்.)

ராசிக்கிடம் அப்போதே ஒரு இயந்திரம் இருந்தது. மேல்பிரிவுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் விழும் ஓடையில்* ஒரு இரும்புச் சக்கரம். அதோடு பழைய தண்ணீர் மோட்டார் ஒன்று. சக்கரம் சுற்ற, மோட்டார் மின்சாரம் தந்தது. லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலும், அதாவது ஒற்றை அறை வீட்டிலும், ஒரு பல்பு எரிந்தது. பகலிலும் எரிந்தது, ஏனென்றால் ஸ்விட்ச் கிடையாது.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு இது பிடிக்கவில்லை. "அரசாங்கம் ஏத்துக்கிட்டா இருக்கட்டும். இல்லாட்டி கழட்டிட்டுப் போயிறு," என்று சொல்லிவிட்டார். ஆகவே நிதி கிடைத்தால் லயத்துக்கு வெளிச்சம். கிடைக்காவிட்டால் மறுபடி மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு.

*இந்தத் தண்ணீர் இறங்கி இறங்கிப் பொல்பிட்டியவில் மின்சாரமாகிக் கொழும்புக்குப் போகிறது. மலையேறித் திரும்பி வர அதற்கு வழி தெரியாது.

3

விண்ணப்பம் போயிற்று. பார்வையிட ஒரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அப்போதுதான் ராசிக்கைக் குழப்பம் பிடித்தது. நிதி ஆராய்ச்சிக்குத்தானே? அப்படியானால் அதிகாரியின் முன் இயந்திரம் ஓட வேண்டுமா, ஓடாமல் நிற்க வேண்டுமா?

"ஓடினா, இதுல ஆராய என்ன ஈக்கின்னு கேப்பாங்க. ஓடாட்டி, ஏமாத்துக்காரன்னு சொல்லுவாங்க," என்று மனைவி அசீசாவிடம் புலம்பினார்.

"அப்ப பாதி ஓட வைங்களே."

"பாதி எப்பிடி ஓடுற?"

"நீங்க திருத்திக் குடுக்கிற ரேடியோ எல்லாம் அப்பிடித்தானே ஓடுது."

ராசிக் கோபித்துக்கொண்டு ஹட்டன் டவுனுக்குப் போனார். திரும்பி வந்தபோது பை நிறைய ஸ்விட்ச் இருந்தது. ஸ்விட்ச் இல்லாத மின்சாரத்தை அரசாங்கம் மதிக்காது என்று அவருக்குத் திடீரென்று தோன்றியிருந்தது. காம்பராவுக்கு ஒன்றாகப் பொருத்தினார். எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தார். அணைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அது அவருக்கே தெரியாது.

4

அதிகாரி தம்பிராசா யாழ்ப்பாணத்துக்காரர். இவரைக் கெட்டவராக்கிவிட்டால் கதை சுலபமாக ஓடும் என்று நினைத்தேன். ஒரு ஜீப், ஒரு அதட்டல், முடிந்தது. ஆனால் மனிதர் பஸ்ஸில் வந்தார். மலைப்படிகளில் வழுக்கி விழுந்தார். எழுந்து, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். முழங்காலில் சேறு அப்பிய ஒருவரை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லன் செய்வது?

பொழுது சாயும் நேரம். லயத்தில் குடியிருந்த காளியாயியின் காம்பராவில், பல்புக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அருகே ராசிக் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் காம்பரா வீரய்யா வாசலில் நின்றார்.

"உக்காருங்கய்யா. தேத்தண்ணி குடிங்க," என்றாள் காளியாயி.

தம்பிராசா அண்ணாந்து பல்பைப் பார்த்தார். "கொஞ்சம் மங்கலாத் தெரியுது," என்றார்.*

வாசலில் நின்ற வீரய்யாவின் முகம் வாடிப்போயிற்று. அடுத்த கணம் அவர் லயத்து வாசல்களில் ஓடிக்கொண்டிருந்தார்: "ஐயாவுக்கு வெளிச்சம் பத்தலையாம்! அணைங்க, அணைங்க! நம்ம கரண்ட அவருக்கு வுடுங்க!"

ஒவ்வொரு காம்பராவாக இருண்டது. காளியாயியின் பல்பு பிரகாசமானது. பிரகாசத்தின் காரணம் ராசிக்குக்குப் புரியவில்லை. ஆனால் நெஞ்சு நிமிர்ந்தது. தன் இயந்திரம் ஆளறிந்து ஒளி வீசுகிறதோ என்றுகூட நினைத்தார். (இதை அவரே ஒப்புக்கொண்டார்.) பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளையானது.

"இப்ப பத்துதுங்களாய்யா?" என்று காளியாயி பெருமையோடு கேட்டாள்.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. சுமை இறக்கிய வண்டியோடு பள்ளத்தில் ஓடும் மாடுபோல, மோட்டார் தறிகெட்டுச் சுற்றி ஊளையிட்டது. ராசிக் "யா அல்லாஹ்" என்று எழுவதற்குள் பல்பு கருகியது. மோட்டார் பக்கம் ஏதோ வெடித்தது. லயம் முழுக்க இருட்டு.

*அவர் சொன்னது தன் மூக்குக்கண்ணாடியைப் பற்றி. அதில் பனி படிந்திருந்தது. துடைக்கக் கைக்குட்டையும் எடுத்திருந்தார். வீரய்யா அதற்குள் ஓடிவிட்டார்.

5

குப்பி லாம்பு வந்தது. காளியாயி அழும் நிலையில் இருந்தாள்.

"நாலு பைப்புல மூணை மூடுனா நாலாவதுல தண்ணி வேகமா வருமில்லீங்களாய்யா? விருந்தாளி வந்தா அப்பிடித்தானே செய்வோம். எங்க மேல தப்புங்களா?"

ராசிக் கருகிய பல்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். இத்தனை மாதமும் எல்லாப் பல்பும் ஒன்றாக எரிந்ததால்தான் சக்கரம் அடங்கிச் சுற்றியது என்று ராசிக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது.

"தப்பு என்ட சேர். ஸ்விட்ச் ஒங்களுக்குக் காட்டத்தான் போட்டது."

"அப்ப, ஆர் அணைச்சாலும் கெடாம நிக்கிறதுக்கு ஒரு வழி வேணும். அது உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது சேர்."

"எனக்கும் தெரியாது." தம்பிராசா லாம்பு வெளிச்சத்தில் கண்ணாடியைத் துடைத்தார். "இது வேலை செய்யுதெண்டு சொல்லுறதோ, இல்லையெண்டு சொல்லுறதோ? நான் போய் என்னத்தையெண்டு சொல்ல?"

அந்தத் 'தெரியாது' தன்னைத் தூக்கிவிட்டதா, கவிழ்த்துவிட்டதா என்று ராசிக்குக்குப் புரியவில்லை. எனக்கும்தான். ஆராய்ச்சிக்கு வேண்டியது தெரியாத ஒன்று என்றால், அன்று லயத்தில் அது தாராளமாக இருந்தது.

6

முடிவு (அ): நிதி கிடைக்கிறது. ராசிக் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைக் கண்டுபிடிக்கிறார். லயத்தார் விளக்கை ஆசை தீர அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். எழுதி வாசித்தபோது என் கண்ணே கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது.

முடிவு (ஆ): துரையின் ஆட்கள் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். காளியாயி ஸ்விட்சை மட்டும் கொடுக்க மறுத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு—

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

போய்க் கேட்கலாமே என்பீர்கள். பிறகு ஒருமுறை கடை வாசல் வரை போனேன். ராசிக் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் (ஆ) என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ரேடியோவுக்கு ஒரு பெற்றரி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்த முதல் நாள், மழையில், பஸ் வளைவில் திரும்பியபோது மேலே பார்த்தேன். லயம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஏதோ தெரிந்தது. விளக்குகளா, என் மூக்குக்கண்ணாடியில் படிந்த பனியா என்று தெரியவில்லை. துடைக்கக் கை போனது. துடைக்கவில்லை.

நீங்கள் துடைத்துப் பாருங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அங்கே யாரும் எதையும் அணைத்துவிடாதீர்கள்.